அல்சைமர் பாதித்த பெரியவர்களை காப்பகத்தில் எப்படிப் பார்த்துக்கணும்? குடும்பத்தினர் தெரிஞ்சுக்க வேண்டியவை

"சாப்பிட மாட்டேங்குறாங்க", "குளிக்க வச்சா அடிக்க வர்றாரு", "ராத்திரி பூரா கத்துறாங்க"... அல்சைமர் பாதித்த அம்மாவையோ அப்பாவையோ காப்பகத்தில் சேர்த்திருக்கும் குடும்பங்களுக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்து, "டாக்டர்கிட்ட கேட்டு தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்திடலாமா?" என்று கேட்பார்கள்.

அதற்கு சரி சொல்வதற்கு முன் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "ஏன் அப்படிச் செய்யுறாங்கன்னு பார்த்தீங்களா?" நல்ல காப்பகத்தையும் சாதாரண காப்பகத்தையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான். அது ஏன், அங்கே செவிலியர்கள் என்னென்ன செய்ய வேண்டும், குடும்பம் எதைக் கவனிக்க வேண்டும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

அல்சைமர்னா வெறும் மறதியா?

டிமென்ஷியா என்பது நினைவு, சிந்தனை, பேச்சு, அன்றாட வேலை எல்லாம் படிப்படியாகக் குறையும் நிலைக்குப் பொதுப் பெயர். அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் நோயால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

இந்த நோயை முதலில் விவரித்தவர் ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அவர் பார்த்த அகஸ்ட் டீட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. அந்தப் பெண்ணிடம் மறதி மட்டும் இல்லை. கணவர் மீது சந்தேகம், பயம், கத்துவது எல்லாமே இருந்தது. 1906-இல் அவர் இறந்த பிறகு மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான், அதில் படிந்திருந்த புரதத் திட்டுகளையும் முடிச்சுகளையும் அல்சைமர் கண்டறிந்தார்.

ஆக, முதல் நோயாளியிலிருந்தே இந்த நோய் நடத்தையையும் சேர்த்தே மாற்றுகிறது. நினைவு போவதைவிட இந்த நடத்தை மாற்றம்தான் பல குடும்பங்களைக் காப்பகம் வரை கொண்டுவருகிறது.

காப்பகம் பற்றி எப்போ யோசிக்கலாம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் கீழே உள்ளவை சேர்ந்து வந்தால் யோசிக்க வேண்டிய நேரம் என்று சொல்லலாம்.

* ராத்திரி தூங்காமல் நடப்பது, வீட்டை விட்டு வெளியே போய்விடுவது
* அடிக்கடி விழுவது, தனி ஆளாகத் தூக்க முடியாத நிலை
* சிறுநீர், மலம் கட்டுப்பாடு போய்விடுவது
* பார்த்துக்கொள்பவரே தூக்கமின்றி நோயாளி ஆகும் நிலை

"பெத்தவங்களை ஹோம்ல விட்டுட்டாங்க" என்ற பேச்சுக்குப் பயந்தே பல மகள்களும் மருமகள்களும் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பொறுப்பில் உள்ள முதியவரை அடியோடு கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுவிடுவதைத்தான் குற்றம் என்கிறது. நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்து, தொடர்ந்து போய்ப் பார்த்து, பொறுப்பாக இருப்பது கைவிடுவது ஆகாது.

ஒன்றை மட்டும் கவனிக்கணும். எல்லா முதியோர் இல்லமும் அல்சைமருக்குப் பொருந்தாது. நடமாட்டமும் நினைவும் நன்றாக இருப்பவர்களுக்கான இல்லங்கள்தான் அதிகம். டிமென்ஷியா பராமரிப்புக்குப் பயிற்சி பெற்ற செவிலியரும், ராத்திரியிலும் போதுமான ஆட்களும் இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சேர்க்கும்போது மெடிக்கல் ஃபைல் மட்டும் கொடுத்தா போதுமா?

போதாது. இடம் மாறிய முதல் சில வாரங்கள்தான் ரொம்பக் கஷ்டம். பழகிய முகம் இல்லை, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாது, சமையல் வாசனைகூட வேறு. அந்த நேரத்தில் செவிலியருக்கு உதவுவது, இவர் யார் என்ற விவரம்.

பிரிட்டனில் அல்சைமர் சொசைட்டி இதற்காகவே 'இதுதான் நான்' என்ற பொருளில் ஒரு சிறு படிவம் வைத்திருக்கிறது. நாமும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

* எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? பெயரா, 'சார்' என்றா, 'டீச்சரம்மா' என்றா?
* என்ன வேலை பார்த்தார்? காலையில் எத்தனை மணிக்கு எழுவார்?
* காபியா, டீயா? சர்க்கரை எவ்வளவு?
* குளித்ததும் விபூதி, குங்குமம், தொழுகை, ஜெபம் என்று வழக்கம் ஏதாவது உண்டா?
* கண்ணாடி, காது மிஷின், பல்செட் எதெல்லாம் வேண்டும்?
* எதைக் கண்டால் பயம்? எந்தப் பாட்டு கேட்டால் அமைதியாவார்?

மரியாதை விஷயத்தில் தமிழ் இன்னும் நுணுக்கமானது. 30 வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவரை "தாத்தா, வா, வந்து உக்காரு" என்று அட்டெண்டர் ஒருமையில் கூப்பிட்டால், அவர் கோபப்படுவதில் ஆச்சரியம் இல்லை. "சார், வாங்க, உட்காருங்க" என்றால் அவரே வந்து உட்கார்ந்துவிடலாம். எது மறந்தாலும் அவமானப்படுவது மறப்பதில்லை.

மொழியும் முக்கியம். பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவி, சிறு வயதில் வீட்டில் பேசிய மொழி கடைசி வரை நிற்பதுண்டு. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவர் திடீரென்று அதிலேயே பதில் சொல்ல ஆரம்பிக்கலாம். தண்ணீர், பாத்ரூம், வலி, பசி போன்ற பத்து வார்த்தைகளை அந்த மொழியில் எழுதி கட்டில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பணியாளருக்குப் பெரிய உதவி.

இப்படி நோய்க்கு முன் அந்த மனிதரைப் பார்க்கும் அணுகுமுறையை வலியுறுத்தியவர் பிரிட்டன் உளவியலாளர் டாம் கிட்வுட். 1990-களில் அவர் முன்வைத்த 'ஆளை மையமாக வைத்த பராமரிப்பு'தான் இன்று பல நாடுகளில் டிமென்ஷியா செவிலியர் பயிற்சிக்கு அடிப்படை.

கத்துறாங்க, அடிக்க வர்றாங்க... என்ன அர்த்தம்?

பேச்சு குறைந்தவருக்கு உடம்புதான் மொழி. அதனால் செவிலியர் முதலில் ஒரு பட்டியலை மனசுக்குள் ஓட்ட வேண்டும். வலிக்கிறதா? சிறுநீர் முட்டுகிறதா? மூன்று நாளாக மலம் போகவில்லையா? பசியா, தாகமா? வேர்க்கிறதா, குளிருகிறதா? டிவி சத்தம் அதிகமா? தனியாக இருக்கப் பயமா? டயப்பர் நனைந்திருக்கிறதா?

நல்ல காப்பகங்களில் இதற்கு ஒரு நோட்டு இருக்கும். நடந்ததற்கு முன்னால் என்ன இருந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன ஆனது என்று மூன்று பகுதியாக எழுதுவார்கள். ஒரு வாரம் எழுதினாலே, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்ரூம் அழைத்துப் போகாத நாட்களில்தான் கத்துகிறார் என்பது போன்ற காரணம் தெரிந்துவிடும்.

திடீர் மாற்றத்தை மட்டும் தனியாகப் பார்க்கணும். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நகரும் நோய். நேற்று வரை நடந்தவர் இன்று எழவே இல்லை, அமைதியாக இருந்தவர் இரண்டு நாளில் பிதற்றுகிறார் என்றால் அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து, விழுந்ததில் ஏற்பட்ட அடி என்று காரணம் ஏதாவது இருக்கும். 'வியாதி முத்திடுச்சு' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் செவிலியராக இருக்க மாட்டார். குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டும் அட்டெண்டர் அக்காவாகத்தான் இருப்பார். அதனால் ஷிப்ட் மாறும்போது "இன்னைக்கு வழக்கத்துக்கு மாறா ஏதாவது இருந்துச்சா?" என்று செவிலியர் அவரிடம் கேட்கிறாரா என்பது முக்கியம்.

வலியைச் சொல்லத் தெரியாதவருக்கு வலியை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

மூட்டுத் தேய்மானம், சொத்தைப் பல், பழைய எலும்பு முறிவு என்று வயதானவர்களுக்கு வலி சகஜம். "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் அல்சைமர் முற்றியவரால் பதில் சொல்ல முடியாது. இதற்காகவே 2003-இல் பெய்ன்-ஏடி என்ற அளவுகோல் வெளியானது. ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்.

1. மூச்சு: சாதாரணமாக இருக்கிறதா, இழுத்து இழுத்து விடுகிறாரா
2. குரல்: முனகுகிறாரா, அழுகிறாரா
3. முகம்: சுளிக்கிறாரா, பயந்த முகமா
4. உடம்பு: விறைத்திருக்கிறாரா, கையை இறுக்கி மூடியிருக்கிறாரா
5. ஆறுதல்: தொட்டுப் பேசினால் அடங்குகிறாரா

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. திருப்பிப் படுக்க வைக்கும்போதும், நடக்க வைக்கும்போதும் பார்க்க வேண்டும்.

வலிக்கும் கோபத்துக்கும் உள்ள தொடர்பை நார்வே ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. அங்கே 18 நர்சிங் ஹோம்களில், டிமென்ஷியாவோடு கடும் பதற்றமும் இருந்த 352 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு 8 வாரம் படிப்படியாக வலி சிகிச்சை தரப்பட்டது. முதல் படி நமக்கெல்லாம் தெரிந்த பாராசிட்டமால்தான். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது இவர்களின் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இது. அடிக்க வந்தவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது தூக்க மாத்திரை இல்லை, வலி மாத்திரை என்பதுதான் இதன் சாரம். ஆனால் அதையும் டாக்டர் சொல்லாமல் நாமே கொடுக்கக் கூடாது.

குளிக்க வைப்பது ஏன் சண்டையாகிறது?

அவர் பார்வையில் யோசித்துப் பாருங்கள். தெரியாத ஒருவர் வந்து உடையைக் கழற்றுகிறார், தலையில் தண்ணீர் கொட்டுகிறது. யாராக இருந்தாலும் கையைத் தட்டித்தான் விடுவார்கள்.

சரியான முறை இதுதான். அவர் வழக்கமாகக் குளிக்கும் நேரத்தையே வைத்துக்கொள்ளணும். பாத்ரூமையும் தண்ணீரையும் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, துண்டால் உடம்பை மூடி, பகுதி பகுதியாகக் கழுவணும். தண்ணீரைக் கையில், காலில் தொட வைத்த பிறகே மேலே ஊற்ற வேண்டும், தலைக்குக் கடைசியில். "இப்போ கையைக் கழுவுறேன்மா" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யணும். பெண்களுக்குப் பெண் பணியாளர்தான் என்பதில் சமரசம் கூடாது. இன்று முடியாது என்றால் சுடுதண்ணீரில் நனைத்த துண்டால் துடைத்துவிட்டால் போதும்.

சாப்பாடு விஷயத்தில் என்ன கவனிக்கணும்?

அல்சைமரில் கண் நன்றாக இருந்தாலும், பார்ப்பதை மூளை பிரித்தறிவது குறையும். வெள்ளைத் தட்டில் இட்லியோ தயிர் சாதமோ வைத்தால் சாப்பாடே தெரியாமல் போகலாம். அடர்ந்த நிறத் தட்டில் வைத்துப் பாருங்கள். ஸ்பூன் பிடிக்கத் தெரியாதவருக்குக் கையில் எடுத்துச் சாப்பிடும் மாதிரி இட்லித் துண்டு, வாழைப்பழம் தரலாம்.

* நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது.
* ஊட்டுபவரும் எதிரில் உட்கார்ந்து, ஒரு வாய் முழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும்.
* இருமல், புரையேறுவது, சாப்பிட்டதும் குரல் கரகரப்பது இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.
* மாதம் ஒரு முறையாவது எடை பார்க்க வேண்டும்.
* தினமும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். பல் வலியால்கூட சாப்பாட்டை ஒதுக்குவார்கள்.

கடைசிக் கட்டத்தில் "டியூப் போட்டுடலாமா?" என்ற கேள்வி வரும். முற்றிய டிமென்ஷியாவில் டியூப் வழி உணவைப் பரிந்துரைப்பதில்லை என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம். அதனால் ஆயுள் கூடுவதாகவோ நிமோனியா குறைவதாகவோ ஆதாரம் இல்லை, படுக்கைப் புண் கூடலாம். பொறுமையாகக் கையால் ஊட்டுவதே நல்லது என்பது அவர்கள் கருத்து. ஆனால் இதை டாக்டரோடும் குடும்பத்தோடும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போகணும்"னு சொன்னா என்ன பதில் சொல்றது?

சாயங்காலம் ஆனால் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். 'இதுதான் உங்க வீடு' என்று வாதாடுவதும், 'உங்க அம்மா செத்து நாப்பது வருஷம் ஆச்சு' என்று திருத்துவதும் புண்படுத்தத்தான் செய்யும். அவர் தேடுவது கட்டடத்தை இல்லாமல் பாதுகாப்பு உணர்வையாக இருக்கலாம். "வீட்டு ஞாபகம் வந்துடுச்சாம்மா? வீட்ல யாரெல்லாம் இருப்பாங்க?" என்று பேச்சுக்கு இடம் கொடுத்து, ஒரு நடை கூட்டிப் போய் வருவது பலன் தரும்.

பகலில் வெயில் வெளிச்சம், கொஞ்சம் நடை, கைக்கு ஒரு வேலை இருந்தால் ராத்திரித் தூக்கம் மேம்பட வாய்ப்பு உண்டு. பூ கட்டுவது, துணி மடிப்பது, கீரை ஆய்வது எல்லாம் நல்ல வேலைகள். பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி விளக்கு எரிய வேண்டும்.

கட்டி வைப்பது சரியா?

விழுந்துவிடுவார் என்று சொல்லி நாற்காலியில் துணியால் கட்டுவது, கட்டிலில் கையைக் கட்டுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. கட்டுவதால் பதற்றம் கூடும், தசை பலம் போகும், படுக்கைப் புண் வரும், திமிறும்போது காயமும் ஆகும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிறுவனங்களில் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டுப்படுத்த முடியும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ செய்யவே கூடாது.

அதற்குப் பதில் தாழ்வான கட்டில், வழுக்காத தரை, காலுக்குப் பொருந்தும் செருப்பு, சுற்றி வர வேலி போட்ட ஒரு தோட்டம் அல்லது வராந்தா இவைதான் வழி. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் உள்ள ஹோகவேக் இதைப் பெரிய அளவில் செய்கிறது. டிமென்ஷியா பாதித்தவர்களுக்காகக் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்பில் கடை, உணவகம், தெரு எல்லாம் உண்டு. அவர்கள் உள்ளே சுதந்திரமாக நடமாடலாம்.

மாத்திரை கொடுத்து அமைதியாக்குவது?

டொனெபெசில், மெமான்டின் போன்ற மருந்துகள் அறிகுறிகளைச் சில காலத்துக்குச் சமாளிக்க உதவும், நோயைக் குணமாக்காது. பிரச்சனை, நடத்தையை அடக்கத் தரும் மனநோய் மருந்துகளில்தான். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவற்றைக் கொடுக்கும்போது இறப்பு ஆபத்து 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று, 17 ஆய்வுகளின் அடிப்படையில் அமெரிக்காவின் எஃப்டிஏ 2005-இல் எச்சரித்தது. பக்கவாதம், கீழே விழுவது போன்ற ஆபத்துகளும் உண்டு.

தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலையில் சிலருக்கு இது தேவைப்படலாம். அப்போதும் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மட்டும். 6 வாரத்துக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அதே நேரம், ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. ராத்திரி ஷிப்டில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? செவிலியர் இருப்பாரா?
2. பணியாளர்களுக்கு டிமென்ஷியா பயிற்சி யார் கொடுத்தது?
3. ஒருவர் கத்தினால், அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்?
4. கட்டி வைப்பது உண்டா? யார் அனுமதியில்?
5. புது மாத்திரை தொடங்கும் முன் குடும்பத்திடம் சொல்வீர்களா?
6. படுக்கையில் இருப்பவரை எத்தனை மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள்? (2 மணி நேரம் என்பது பொதுவான நடைமுறை.)
7. முன்கூட்டிச் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா?
8. அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, யார் கூட்டிப் போவார்கள்?

மூன்றாவது கேள்விக்கு 'ஊசி போடுவோம்' என்று உடனே பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். 'என்ன காரணம்னு பார்ப்போம்' என்றால் மேற்கொண்டு பேசலாம். முடிந்தால் சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். குழப்பம் அதிகமாகும் நேரம் அதுதான், பராமரிப்பின் தரமும் அப்போதுதான் தெரியும்.

பார்க்கப் போகும்போது...

"நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "அம்மா, நான் செல்வி வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூட்டமாகப் போவதைவிட ஒருவர், இருவர் போவது நல்லது. பேச எதுவும் இல்லை என்றால் தலை வாரி விடுங்கள், பழைய ஆல்பம் பாருங்கள். நீங்கள் வந்தது அரை மணி நேரத்தில் மறந்து போகலாம், ஆனால் வந்ததால் கிடைத்த நிம்மதி அதற்குப் பிறகும் நிற்கும்.

கை, கால், முதுகு, குதிகாலில் சிவப்போ காயமோ இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, உதடு வறண்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் செவிலியரிடம் அங்கேயே கேளுங்கள்.

உதவிக்கு யாரை அணுகலாம்?

* முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567
* மன நல ஆலோசனைக்கான டெலி-மானஸ்: 14416. பார்த்துக்கொள்பவர்களும் பேசலாம்.
* சென்னை அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பில் டிமென்ஷியாவுக்கென தனிச் சேவை உண்டு.
* 1992-இல் கேரளாவில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ அமைப்பு பல நகரங்களில் கிளைகளோடு குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது.

அடுத்த முறை காப்பகத்திலிருந்து போன் வந்தால் பதறாமல் மூன்றைக் கேளுங்கள்: எப்போ ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, வலி இருக்கான்னு பார்த்தீங்களா? பதிலை எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.